மேரிகோல்டு என்னும் ஒரே பெயரில் பல செடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரநிலத்தில் வளரும் சதுப்பு மேரிகோல்டு, தோட்டத்துச் செண்டுமல்லி, மருந்துக்குப் பயன்படும் கலெண்டுலா ஆகிய மூன்றையும் ஆங்கிலம் மேரிகோல்டு என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் செடியும் ஒன்று என்று நினைத்து ஒன்றன் பண்பை மற்றொன்றன் மேல் ஏற்றிச் சொல்வது அடிக்கடி நடக்கிறது. அதனால் விளையும் குழப்பங்களில் சில உடல்நலத்தையே பாதிக்கக்கூடியவை. அவற்றைத் தீர்க்கும் நோக்கில் இந்தக் கேள்விகளும் விடைகளும் தொகுக்கப்பட்டுள்ளன.

மேரிகோல்டு என்பது ஒரு செடியின் பெயரா, ஒரு குடும்பத்தின் பெயரா?

இரண்டும் இல்லை. மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறப் பூக்கள் கொண்ட, ஒன்றோடொன்று உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பல செடிகளுக்கு ஆங்கிலப் பேச்சுவழக்கு வழங்கிய பொதுப்பெயர் அது. செண்டுமல்லியின் பேரினம் டாகெட்டஸ். பாட் மேரிகோல்டு எனப்படுவதன் பேரினம் கலெண்டுலா. இவ்விரண்டும் சூரியகாந்தியும் சாமந்தியும் அடங்கிய ஆஸ்டரேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை. சதுப்பு மேரிகோல்டின் அறிவியல் பெயர் கால்தா பலுஸ்ட்ரிஸ். அது பட்டர்கப், அனிமோனி முதலிய செடிகள் அடங்கிய ரனன்குலேசியே குடும்பத்தது. பூக்கும் தாவரங்களின் வகைப்பாட்டில் இந்த இரு குடும்பங்களும் வெகு தொலைவில் உள்ளவை. செண்டுமல்லிக்குச் சூரியகாந்தி நெருங்கிய உறவு. சதுப்பு மேரிகோல்டோ பெயரளவில் மட்டுமே உறவு.

அப்படியானால் இந்தப் பெயர் எப்படி இத்தனை செடிகளுக்குப் பரவியது?

பழைய ஆங்கிலத்தில் பொன்னிறப் பூ ஒன்றைக் குறித்த 'கோல்டு' என்ற சொல்லோடு, இயேசுவின் தாயான மேரியின் பெயர் சேர்ந்து இச்சொல் உருவானது. இடைக்கால இங்கிலாந்தில் இப்பெயர் முதன்மையாகக் கலெண்டுலாவையே குறித்தது. பதினாறாம் நூற்றாண்டில் மெக்சிகோவிலிருந்து டாகெட்டஸ் செடிகள் ஐரோப்பாவுக்கு வந்தபோது, அவற்றின் நிறத்தையும் வட்டமான பூத்தலையையும் கண்டவர்கள் ஏற்கெனவே கையிலிருந்த பெயரையே அவற்றுக்கும் வைத்தனர். இன்று உலகின் பெரும்பகுதியில் மேரிகோல்டு என்றவுடன் டாகெட்டஸ்தான் நினைவுக்கு வருகிறது என்பதால், பின்னால் வந்த செடி முன்னிருந்த செடியின் பெயரை முழுவதுமாக எடுத்துக்கொண்டது என்றே சொல்லலாம்.

லத்தீன் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. கால்தா என்பது பண்டைய ரோமானியர் மஞ்சள் பூ ஒன்றுக்கு வழங்கிய பெயர்; அது கலெண்டுலாவையே குறித்திருக்கும் என்பது பலருடைய கருத்து. தாவரங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸுக்கு முற்பட்ட தாவர நூல்களிலும் கலெண்டுலாவுக்குக் கால்தா என்ற பெயர் வழங்கியிருக்கிறது. 1753ஆம் ஆண்டு லின்னேயஸ் இச்செடிகளுக்கு இருசொற் பெயர்களை நிலைநிறுத்தியபோது கால்தா சதுப்புச் செடிக்கும், கலெண்டுலா தோட்டச் செடிக்கும், டாகெட்டஸ் மெக்சிகோச் செடிகளுக்கும் உரியதாயிற்று. பலுஸ்ட்ரிஸ் என்பதற்குச் சதுப்புக்குரியது என்று பொருள்.

சதுப்பு மேரிகோல்டு எப்படி இருக்கும், எங்கே வளரும்?

ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகிய மூன்று கண்டங்களின் மிதவெப்ப, குளிர்ப் பகுதிகளிலும் இயற்கையாக வளரும் பல்லாண்டுச் செடி இது. ஓடைக்கரை, குளத்தின் விளிம்பு, ஈரப் புல்வெளி, நீர் கசியும் காட்டுத்தரை ஆகியவை இதன் இடங்கள். இமயமலைப் பகுதியிலும் இது உண்டு. மேற்கு இமயத்தில் வெண்ணிறப் பூக்கள் கொண்ட ஒரு வகை வளர்கிறது. அந்த வெள்ளைப் பூவைக் கண்டு இது வேறு செடி என்று ஐயப்பட வேண்டாம், ஏனெனில் நிறத்தைத் தவிர ஏனைய அடையாளங்கள் பொருந்தியே இருக்கும்.

செடி பெரும்பாலும் 20 முதல் 60 சென்டிமீட்டர் வரை உயரும். தண்டு உள்ளீடற்றது. இலைகள் சிறுநீரக வடிவிலோ இதய வடிவிலோ, பளபளப்பான அடர்பச்சையில், விளிம்பில் சிறு பற்களுடன் இருக்கும். அடியிலைகளுக்கு நீண்ட காம்பும், தண்டின் மேற்பகுதி இலைகளுக்குக் குறுகிய காம்பும் இருக்கும். வசந்த காலத்தின் தொடக்கத்தில், சுற்றிலும் மற்ற செடிகள் இன்னும் தழைக்காத நேரத்தில், 2 முதல் 5 சென்டிமீட்டர் அகலமுள்ள பளிச்சென்ற மஞ்சள் பூக்கள் கூட்டமாக விரியும். பூத்து முடிந்து கோடை முதிரும்போது செடி பெரும்பாலும் வாடி, நிலத்தடித் தண்டாக ஒடுங்கிவிடும். ஆகவே ஆகஸ்டு மாதத்தில் தேடிச் சென்று இந்த இடத்தில் செடி இல்லை என்று முடிவு கட்டுவது பொருந்தாது.

இந்தப் பூவுக்கு இதழ்களே இல்லை என்கிறார்களே, அது சரியா?

சரிதான். இச்செடியைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோலே இதில்தான் இருக்கிறது. நாம் மஞ்சள் இதழ் என்று பார்ப்பவை அல்லிதழ்கள் அல்ல. நிறம் பெற்ற புல்லிதழ்கள். வழக்கமான பூவில் புல்லிதழ்கள் பச்சையாக அடியில் நின்று மொட்டைக் காக்கும். அல்லிதழ்கள் நிறத்தோடு விரிந்து பூச்சிகளை அழைக்கும். சதுப்பு மேரிகோல்டில் அல்லிதழ் அடுக்கே இல்லாததால், பெரும்பாலும் ஐந்தாகவும் சில பூக்களில் கூடுதலாகவும் உள்ள புல்லிதழ்களே இரு வேலைகளையும் செய்கின்றன. மொட்டாக இருக்கும்போது அவை பச்சை சாயலோடு மூடியிருந்து, விரியும்போது மஞ்சளாகின்றன.

நடுவில் எண்ணற்ற மகரந்தத்தாள்களும், அவற்றின் மையத்தில் தனித்தனியாக நிற்கும், விதைகள் உருவாகும் உறுப்புகளான பல சூலக இலைகளும் உள்ளன. தேன் இதழடியில் சுரப்பதில்லை. சூலக இலைகளின் பக்கங்களில் உள்ள சிறு பள்ளங்களில் சுரக்கிறது. நம் கண்ணுக்கு முழுவதும் ஒரே மஞ்சளாகத் தெரியும் இப்பூ, புற ஊதா ஒளியைக் காணக்கூடிய தேனீக்கு அப்படித் தெரிவதில்லை. இதழின் வெளிப்பகுதி புற ஊதா ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. உட்பகுதி அதை உறிஞ்சிக்கொள்கிறது. எனவே தேனீயின் பார்வையில் நடுப்பகுதி வேறு நிறமாகி, உணவு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

பூ உதிர்ந்தபின் ஒவ்வொரு சூலக இலையும் ஒரு பக்கமாக வெடிக்கும் சிறு கனியாகி, எல்லாம் சேர்ந்து நட்சத்திரம் போல் விரிகின்றன. திறந்த கனி சிறு கிண்ணம் போல நிற்பதால், அதில் விழும் மழைத்துளி விதைகளை வெளியே தெறிக்க வைக்கிறது. விதையின் ஒரு முனையில் பஞ்சு போன்ற திசு இருப்பதால் அது நீரில் மிதந்து வேறு கரை சேர முடிகிறது. நீர்க்கரையில் வாழும் செடிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது.

செண்டுமல்லியிலிருந்து இதை ஒரே பார்வையில் பிரித்தறிவது எப்படி?

பூவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நிறத்தையும் அளவையும் நம்புவதைவிட இது பல மடங்கு உறுதியான வழி.

சதுப்பு மேரிகோல்டின் பூவுக்கு அடியில் பச்சை நிற உறுப்பு எதுவும் இருக்காது; காம்பு நேராக மஞ்சள் புல்லிதழ்களில் சென்று முடியும். செண்டுமல்லியின் அடியிலோ நீண்ட பச்சைக் கிண்ணம் ஒன்று இருக்கும். ஒன்றாக இணைந்த பூவடிச் செதில்களால் ஆன அந்தக் கிண்ணத்துக்குள் இருப்பது ஒரு பூ அன்று. பல சிறுபூக்கள் நெருங்கி அமைந்த தலைமஞ்சரி. நாம் இதழ் என்று பிய்த்தெடுக்கும் ஒவ்வொன்றும் தனிப் பூ. அதன் அடியில் கருநிறத்தில் ஊசி போல் நீண்ட விதையாக முதிரும் பகுதி ஒட்டிக்கொண்டிருப்பதை உற்று நோக்கினால் காணலாம்.

இலையைப் பார்த்தாலும் ஐயம் தீரும். செண்டுமல்லியின் இலை இறகு போலப் பல சிற்றிலைகளாகப் பிரிந்து, எண்ணெய்ச் சுரப்பிகள் புள்ளிகளாகத் தெரிய, கசக்கினால் கடுமையான மணம் வீசும். சதுப்பு மேரிகோல்டின் இலை பிரிவுபடாத முழு இலை. அந்த மணமும் அதற்குக் கிடையாது.

செண்டுமல்லிக்கும் கலெண்டுலாவுக்கும் என்ன வேறுபாடு?

இவை ஒரே குடும்பத்தவை என்பதால் இங்கே சற்றுக் கூடுதல் கவனம் தேவை. கலெண்டுலாவின் இலை கரண்டி போல் நீண்ட தனி இலை. தண்டில் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி அமைந்திருக்கும். மெல்லிய மயிர்களால் மூடப்பட்டு, தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். செண்டுமல்லியின் கூட்டிலைகள் பெரும்பாலும் எதிரெதிராக அமைந்திருக்கும். கலெண்டுலாவின் பூத்தலைக்கு அடியில் உள்ள பச்சைச் செதில்கள் இணையாமல் தனித்தனியாக நிற்கும். செண்டுமல்லியில் அவை குழல் போல் ஒன்றிவிடும்.

விதை கையில் இருந்தால் வேறு சான்றே வேண்டாம். செண்டுமல்லியின் விதை நேரான, மெல்லிய, கறுத்த குச்சி. ஒரு முனையில் வெளிறிய செதில்கள் இருக்கும். கலெண்டுலாவின் விதை வளைந்தது, வெளிர்பழுப்பு நிறத்தது, முதுகில் முட்கள் போன்ற மேடுகள் கொண்டது. ஒரே பூத்தலையிலேயே படகு வடிவிலும் வளைய வடிவிலும் விதைகள் கலந்திருக்கும். கலெண்டுலாவில் வெளிவட்டச் சிறுபூக்களே விதை தருகின்றன. நடுவில் உள்ளவை மகரந்தம் மட்டும் தருபவை.

ஆப்பிரிக்க மேரிகோல்டும் பிரெஞ்சு மேரிகோல்டும் அந்தந்த நாட்டுச் செடிகளா?

இல்லை. இரண்டின் தாயகமும் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவுமே. எந்த வழியாக ஐரோப்பியத் தோட்டங்களை வந்தடைந்தன என்ற நம்பிக்கையைத்தான் அப்பெயர்கள் காட்டுகின்றன. ஆப்பிரிக்க மேரிகோல்டு எனப்படும் டாகெட்டஸ் எரெக்டா உயரமாக வளர்ந்து, மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் பெரிய உருண்டைப் பூத்தலைகளைத் தரும். பிரெஞ்சு மேரிகோல்டு எனப்படும் டாகெட்டஸ் பட்டுலா குட்டையாகப் படர்ந்து, செம்பழுப்புத் தீற்றல்கள் கொண்ட சிறிய தலைகளைத் தரும். முந்தையதில் 24 நிறமூர்த்தங்களும் (குரோமோசோம்கள்) பிந்தையதில் 48ம் உள்ளன. எனினும் இரண்டையும் ஒரே சிற்றினமாகக் கொள்ளும் தாவரவியலாளர்களும் உள்ளனர்.

ஈரநிலத்தில் மஞ்சள் பூவும் இதய வடிவ இலையும் கொண்ட செடியைக் கண்டால் அது சதுப்பு மேரிகோல்டுதானே?

அவ்வளவு விரைவாக முடிவுக்கு வர வேண்டாம். மிகுதியாகக் குழப்பம் தருவது செண்டுமல்லி அன்று. லெசர் செலன்டைன் எனப்படும் ஃபிகாரியா வெர்னா. அதுவும் ரனன்குலேசியே குடும்பத்ததே. அதுவும் வசந்தத்தின் தொடக்கத்தில் பூப்பது. அதன் இலையும் இதய வடிவினது. பூவும் பளபளக்கும் மஞ்சள்.

இங்கும் பூவின் அடிப்பக்கமே வழிகாட்டும். செலன்டைனில் உண்மையான அல்லிதழ்கள் உண்டு. அவை ஏழு முதல் பன்னிரண்டு வரை, ஒடுக்கமாக, கதிர்கள் போல் விரிந்திருக்கும். அடியில் பெரும்பாலும் மூன்று பச்சைப் புல்லிதழ்கள் இருக்கும். சதுப்பு மேரிகோல்டின் ஐந்து அகன்ற மஞ்சள் புல்லிதழ்களுக்கு அடியில் எதுவும் இல்லை. செலன்டைன் தரையோடு தரையாகப் படரும் சிறு செடி. தோண்டினால் விரல் போன்ற சிறு கிழங்குகள் கொத்தாக வரும். சதுப்பு மேரிகோல்டு குத்தாக நின்று வளரும். அதற்குக் கிழங்கு இல்லை.

இந்த வேறுபாடு வெறும் பெயர் ஆராய்ச்சி அன்று. வட அமெரிக்காவில் சதுப்பு மேரிகோல்டு மண்ணின் செடி. செலன்டைனோ ஐரோப்பாவிலிருந்து வந்து காட்டுத்தரையைப் பாய் போல் மூடி மற்ற வசந்தச் செடிகளை நெருக்கும் ஆக்கிரமிப்புச் செடி. அதைக் களையச் செல்பவர், அடையாளம் தவறி, தாம் காக்க விரும்பிய செடியையே பிடுங்கி எறிந்துவிடக்கூடும். எனவே கை வைக்கும் முன் ஒவ்வொரு திட்டிலும் சில பூக்களையாவது திருப்பிப் பார்த்துவிட வேண்டும்.

பட்டர்கப் வகைகளைப் பிரிப்பது எளிது. அவற்றில் ஐந்து மஞ்சள் அல்லிதழ்களுக்கு அடியில் தனியே பச்சை அல்லது மஞ்சள்பச்சைப் புல்லிதழ்கள் இருக்கும். பெரும்பாலானவற்றின் இலைகள் ஆழமாகப் பிளவுபட்டிருக்கும்.

மேரிகோல்டு என்று பெயர் பெற்ற வேறு செடிகள் உண்டா?

பல உண்டு. கார்ன் மேரிகோல்டு என்பது கிளெபியோனிஸ் செகெட்டம். ஐரோப்பாவின் தானிய வயல்களில் களையாக வளரும், நீலப்பச்சை இலைகள் கொண்ட செடி. கேப் மேரிகோல்டு என்பது தென்னாப்பிரிக்காவின் டைமார்ஃபோதீக்கா. டெசர்ட் மேரிகோல்டு என்பது அமெரிக்காவின் தென்மேற்கிலும் வட மெக்சிகோவிலும் வறண்ட நிலத்தில் வளரும், வெண்பஞ்சு போர்த்தியது போன்ற பைலேயா. இம்மூன்றும் ஆஸ்டரேசியே குடும்பத்தவை.

பர் மேரிகோல்டு எனப்படும் பைடென்ஸ் செடிகளைத் தனியே குறிப்பிட வேண்டும். அவற்றில் சில நீர்க்கரையில் வளர்பவை என்பதால், நீரோரத்து மேரிகோல்டு என்ற சொல்லைக் கேட்டவர்கள் இவற்றைச் சதுப்பு மேரிகோல்டு என்று கருதிவிடுகின்றனர். பைடென்ஸ் கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் பூப்பது. அதன் விதைகளில் உள்ள கொக்கிமுட்கள் ஆடையில் ஒட்டிக்கொள்ளும். காலமும் விதையுமே இங்கே போதிய சான்று.

மேரிகோல்டு பூவைச் சாப்பிடலாம் என்று படித்தேன். எந்த மேரிகோல்டை?

இந்தத் தொகுப்பில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய விடை இதுதான். உண்ணத்தக்கது என்று பொதுவாகச் சொல்லப்படுவது கலெண்டுலா அஃபிசினாலிஸின் பூவிதழ். அது உணவுக்கு நிறமூட்டவும் தோல் களிம்புகள் செய்யவும் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. டாகெட்டஸ் எரெக்டாவின் பூவிலிருந்து லூட்டீன் என்னும் மஞ்சள் நிறமி பிரித்தெடுக்கப்படுகிறது. முட்டையின் மஞ்சள் கரு அடர்நிறம் பெறுவதற்காகக் கோழித்தீவனத்தில் அது சேர்க்கப்படுகிறது. இவற்றையும்கூட ஆஸ்டரேசியே குடும்பச் செடிகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

சதுப்பு மேரிகோல்டு இவற்றோடு சேராது. பச்சையாக உண்டால் அது நஞ்சு. இச்செடியின் திசு நசுங்கும்போது புரோட்டோஅனிமோனின் என்னும் எரிச்சலூட்டும் பொருள் உருவாகிறது. அது தோலில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் உண்டாகலாம், உட்கொண்டால் வாயும் வயிறும் பாதிக்கப்பட்டு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். கால்நடைகளுக்கும் இது ஆகாது. ஆனால் செடி உலரும்போது அந்தப் பொருள் சிதைந்துவிடுவதால் காய்ந்த வைக்கோலில் கலந்திருப்பது பச்சைச் செடி அளவுக்குத் தீங்கு தருவதில்லை.

வட அமெரிக்காவில் இதன் இளம் இலைகளைப் பலமுறை நீர் மாற்றி வேகவைத்து உண்டதும், மொட்டுகளை ஊறுகாயாக்கியதும் உண்மை. வெப்பம் நஞ்சைச் சிதைக்கிறது என்பதும் உண்மை. ஆயினும் எத்தனை நீர் மாற்றினால் போதும் என்பதைச் சமைப்பவரே தட்டில் உள்ளதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை என்பதால், இதை உணவாகக் கொள்ளாதிருப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. மேரிகோல்டு என்ற சொல்லை மட்டும் கொண்ட சமையல் குறிப்பையோ மருத்துவக் குறிப்பையோ கண்டால், அறிவியல் பெயர் தெரியும்வரை அதைப் பின்பற்ற வேண்டாம்.

மண்ணில் உள்ள நூற்புழுக்களைக் கட்டுப்படுத்த எந்த மேரிகோல்டை நட வேண்டும்?

டாகெட்டஸை, குறிப்பாக டாகெட்டஸ் பட்டுலாவை. அதன் வேர்களில் உள்ள ஆல்ஃபா-டெர்தியனைல் என்னும் கந்தகச் சேர்மம் வேர்முடிச்சு நூற்புழு போன்றவற்றை ஒடுக்குகிறது. காய்கறிச் செடிகளுக்கு இடையே ஓரிரண்டு நடுவதால் பெரிய பலன் இராது. நிலம் முழுவதும் நெருக்கமாக நட்டுச் சில மாதங்கள் வளர்த்தால்தான் பயன் தெரியும். இந்தப் பண்பைக் கலெண்டுலாவுக்கோ சதுப்பு மேரிகோல்டுக்கோ ஏற்றிச் சொல்ல இடமில்லை.

சதுப்பு மேரிகோல்டைத் தமிழில் எப்படிக் குறிப்பிடுவது?

சதுப்புநிலச் சாமந்தி என்று மொழிபெயர்க்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் சாமந்தி, செவ்வந்தி என்பவை கிரிசாந்திமம் பேரினத்துக்கு உரிய பெயர்கள். செண்டுமல்லியைத் துலுக்கச் சாமந்தி என்று அழைப்பதிலாவது இரண்டும் ஒரே குடும்பம் என்ற நியாயம் உண்டு. சதுப்புச் செடியைச் சாமந்தி என்றால் அந்த நியாயமும் இல்லை. செண்டுமல்லியில் மல்லி இருந்தும் அது மல்லிகை இனம் இல்லை என்பது நமக்குத் தெரியும், ஏனெனில் அது நாம் கண்டு பழகிய பூ. பழகாத செடிக்குப் பெயரே முதல் அறிமுகம் என்பதால், அதில் உறவைத் தவறாகச் சொல்லும் சொல் வேண்டாம். சதுப்பு மேரிகோல்டு என்று எழுதி, முதல் முறை வருமிடத்தில் கால்தா பலுஸ்ட்ரிஸ் என்பதையும் சேர்ப்பதே தெளிவானது.

ஆங்கில நூல்களில் இதே செடி கிங்கப் என்றும், வட அமெரிக்காவின் சில பகுதிகளில் கௌஸ்லிப் என்றும் வழங்கப்படுகிறது. பிரிட்டனில் கௌஸ்லிப் என்றால் அது பிரிமுலா வேரிஸ் என்னும் முற்றிலும் வேறான செடி.

படம் எடுத்து யாரிடமாவது காட்டி அடையாளம் கேட்க விரும்புகிறேன். எதைப் படமெடுக்க வேண்டும்?

பூவின் மேற்பக்கம் மட்டும் தெரியும் அழகான படம் இதற்குப் பயன்படாது. பூவைத் திருப்பி அடிப்பக்கத்தை ஒன்று, தண்டில் இலைகள் அமைந்திருக்கும் முறை தெரியும்படி ஒன்று, அடியிலை முழுவதும் தெரியும்படி ஒன்று, செடி நிற்கும் இடம் தெரியும்படி ஒன்று என எடுங்கள். கனியோ விதையோ இருந்தால் அதையும் சேர்த்து, எடுத்த மாதத்தையும் குறித்து அனுப்புங்கள். பிடுங்க வேண்டிய தேவை இல்லை.

சதுப்பு மேரிகோல்டைத் தோட்டத்தில் வளர்க்க முடியுமா?

குளிர்காலம் உண்மையிலேயே குளிராக இருக்கும் இடங்களில் முடியும். ஆண்டு முழுவதும் வெப்பம் நீடிக்கும் இடங்களுக்கு இது ஏற்ற செடி அன்று. எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணிலோ, குளத்தின் ஆழமற்ற விளிம்பிலோ நடலாம். விதை நெடுநாள் முளைப்புத்திறனைத் தக்கவைப்பதில்லை. எனவே முதிர்ந்தவுடன் ஈரமண்ணில் விதைத்துக் குளிர்காலத்தைக் கடக்க விட வேண்டும். பூத்து முடிந்தபின் குத்தைப் பிரித்து நடுவது இன்னும் எளிது. பூ அடுக்கடுக்காக இருக்கும் ஃபுளோரே பிளேனோ என்ற தோட்ட வகையில் மகரந்தத்தாள்கள் இதழ்களாக மாறியிருப்பதால், மேலே சொன்ன பூ அமைப்பை அதில் தேடினால் கிடைக்காது. அங்கே இலையைக் கொண்டே அடையாளம் காண வேண்டும். பிரித்து நடும்போது கையுறை அணிந்துகொள்ளுங்கள். நசுங்கிய தண்டின் சாறு பட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள்.